முதலாண்டின் கணக்கை யார் கேட்பது?

2025 ஜூன், ஜூலை மாதங்களில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த மாணவர்கள் இரண்டாம் பருவத் தேர்வை முடித்து வீடு திரும்பும் காலம் இது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான பேச்சு தொடங்கிவிட்டது. எத்தனை இடங்கள், எத்தனை விண்ணப்பங்கள், எந்தப் பாடப்பிரிவுக்குப் போட்டி என்று நாள்தோறும் செய்திகள் வரும். சென்ற ஆண்டு சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குச் செல்கிறார்கள் என்னும் கேள்வி மட்டும் பொதுவெளியில் எழுவதில்லை.

அக்கேள்வி வீடுகளில் எழுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களின் தலித் குடியிருப்புகளில், வீட்டின் முதல் பட்டதாரியாக வரவேண்டிய பிள்ளையை அனுப்பிவைத்த பெற்றோர் ஓராண்டின் கணக்கைத் தமக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடகு வைத்த தோடு மீண்டதா, உதவித்தொகை வந்ததா, எத்தனை தாளில் அரியர், விடுமுறைக்கு வந்த பிள்ளை ஏன் முன்போல் பேசுவதில்லை என்பனவே அக்கணக்கின் வரிகள். இம்மதிப்பீடு எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. சேர்க்கையை அரசும் கல்லூரிகளும் எண்ணுகின்றன; முதலாண்டின் முடிவை எண்ணுவோர் பெற்றோர் மட்டுமே. அவர்கள் தனித்தனியே எண்ணும்வரை அது குடும்பத்துத் துயரமாகவே நிற்கும். அவர்கள் சேர்ந்து எண்ணவேண்டிய தேவை குறித்தே நாம் இங்குப் பேச விழைகிறோம்.

இந்தத் தலைமுறை வந்த வழி

இப்போது முதலாண்டை முடிக்கும் பிள்ளைகள், இடையில் தடையின்றிப் படித்து வந்திருந்தால், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இம்மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழாம் வகுப்பு. வீட்டில் கைப்பேசி இருந்தவர்கள் படித்தார்கள். இல்லாதவர்கள் பெற்றோருடன் வேலைக்குச் சென்றார்கள். அவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்த ஆண்டில்தான், 2022 டிசம்பர் 26 அன்று, இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், சிபிசிஐடி பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்களும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரினர். அப்போது இப்பிள்ளைகள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் கடந்து அவர்கள் கல்லூரிக்குள் நுழைந்தது எளிய செய்தியன்று. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 2021–22இல் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4. பட்டியல் சாதியினரிடையே அது 25.9. தமிழ்நாட்டின் விகிதம் 47. இவ்வுயரத்துக்குப் பின்னால் இட ஒதுக்கீடு, சத்துணவு, இலவசப் பேருந்துப் பயண அட்டை, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் எனப் பல படிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது பேருந்துக்கும் சிற்றுண்டிக்கும் பெற்றோரிடம் கையேந்தாமல் இருக்க உதவுகிறது என்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் மொத்தச் சேர்க்கை விகிதம் ஓர் ஆண்டில் எத்தனை பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். ஒரே மாணவரின் முதல் பருவத்தையும் இறுதிப் பருவத்தையும் அது பின்தொடர்வதில்லை. உள்ளே சென்றவர் அங்கேயே இருக்கிறாரா என்று கேட்டபோது கிடைத்த விடை ஒன்றுண்டு. 2023 டிசம்பரில் ஒன்றிய கல்வி அமைச்சகம் மக்களவையில் அளித்த பதிலின்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து விலகிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,626 பேர். அவர்களுள் பட்டியல் சாதியினர் மட்டும் 3,680 பேர். மாணவர்கள் வேறு பாடப்பிரிவுக்கும் வேறு நிறுவனத்துக்கும் தம் விருப்பப்படி மாறிச் செல்கிறார்கள் என்பது அரசின் விளக்கம். விலகியவரின் வீட்டில் விசாரித்துப் பெற்ற விளக்கமா அது என்று கேட்கத் தோன்றுகிறது. உயர்மட்ட நிறுவனங்களுக்காவது இவ்வளவு கணக்கு உண்டு. புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ ஒரு கலைக் கல்லூரியின் முதலாண்டில் நின்றுபோன பிள்ளையைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுவதில்லை.

பணத்தின் கணக்கு

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதானே என்பார்கள். கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. நாளுக்கு இருமுறை பேருந்து, பேருந்து தவறினால் ஷேர் ஆட்டோ, தேர்வுக் கட்டணம், பதிவேடு, செய்முறைக் கையேடு, ஜெராக்ஸ், கைப்பேசி ரீசார்ஜ், துறை விழாவுக்கு ஒரே நிறத்தில் புடவையோ சட்டையோ என்று சிறு தொகைகள் ஓயாமல் வரும். சிறு தொகை என்பதாலேயே அவற்றுக்குத் திட்டமோ கடனோ கிடையாது. அவை கூலியிலிருந்துதான் போகின்றன.

தனியார் கல்லூரிக்கும் பொறியியல் படிப்புக்கும் சென்ற பிள்ளைகளின் வீடுகளில் கதை வேறு. ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாற்றத்தின்படி, ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. மாணவர் அதைக் கல்லூரிக்குக் கட்டவேண்டும். இடைத்தரகரை ஒழிக்கும் ஏற்பாடு என்று இது சொல்லப்பட்டது. நடைமுறையிலோ கல்லூரி கேட்கும் நாள் ஒன்று, பணம் வரும் நாள் வேறொன்று. இடைப்பட்ட நாள்களில் கல்லூரி அலுவலகத்தின் முன் நிற்பது மாணவர். கந்து வட்டிக்காரரின் முன் நிற்பது அவருடைய தந்தை. சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை, ஆதார் இணைக்கப்படாத வங்கிக் கணக்கு, இ-சேவை மையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் என ஏதேனும் ஒன்று போதும், அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீள.

இவ்விடைவெளி எவ்வளவு கொடியது என்பதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றது ஒரு குடும்பம். உத்தரப் பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளியின் மகன் அதுல் குமாருக்கு, 2024இல் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டவேண்டும். ஊரில் திரட்டிய பணம் கைக்கு வந்து, இணையத்தில் கட்ட முயல்வதற்குள் நேரம் முடிந்தது. இடம் பறிபோனது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட், அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்தபின், 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ் அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது.

தீர்ப்பை நாம் வரவேற்றோம். ஆனால் அத்தொகையை நம் ஊர்க் கூலியில் வைத்துப் பார்க்கவேண்டும். 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். 17,500 ரூபாய் என்பது 55 நாள் உழைப்பு; சட்டம் உத்தரவாதமளித்த ஓராண்டு வேலையில் பாதிக்கு மேல். அதை நான்கே நாளில் திரட்டு என்று சொல்லும் ஒரு நடைமுறை, யாருடைய வீட்டை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது? ஒரு பிள்ளைக்கு உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து எத்தனை பெற்றோர் டெல்லி செல்ல இயலும்?

விடுதியில் தங்கும் பிள்ளைகளின் கணக்கும் இதுவே. ஆதிதிராவிடர் நல விடுதிகள் 2025 ஜூலையில் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாற்றம் பெற்றன. கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளை உணவு. பெயர்ப் பலகையில் எழுதப்பட்ட சமூக நீதி, தட்டில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைப் பெற்றோர் தம் பிள்ளையின் உடல் மெலிவைக் கொண்டே அறிகிறார்கள்.

இத்துயரம் புதிதன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால், மகன் கேட்ட புத்தகங்களுக்காக மணமாகிச் சென்ற தம் மகள்களிடம் கடன் வாங்கியும் அவர்களின் நகைகளை அடகு வைத்தும் பணம் தேடியவர். அம்பேத்கர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்ததோ பரோடா மன்னர் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தந்தையின் இடத்தில் அடகுக்கடை இருக்கிறது என்றால், குறை தந்தையரிடம் இல்லை.

மௌனத்தின் கணக்கு

பணத்தைவிட எண்ணுவதற்குக் கடினமானது பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் விடுவது. விடுமுறைக்கு வரும் மகளிடம் தாய் கேட்பது "சாப்பிட்டியா?" என்பதே. "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று விடை வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் முதல் பருவம் முழுவதும் வாய் திறக்காமல் இருந்தது அவ்விடையில் இல்லை. எந்த ஊர் என்று கேட்டு, அடுத்து எந்தத் தெரு என்று கேட்ட வகுப்புத் தோழரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உதவித்தொகைப் பட்டியல் வகுப்பறையில் உரக்க வாசிக்கப்படும்போது எழுந்து நிற்கவேண்டியிருப்பதும் அதில் இல்லை. தமக்காகப் பட்ட பாட்டைப் பிள்ளைகள் அறிவார்கள். அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது என்பதற்காகவே சொல்லாமல் விடுகிறார்கள். பெற்றோரோ அதைப் படிப்பு தந்த விலகல் என்று எண்ணி வருந்துகிறார்கள். இருபுறமும் அன்பு இருந்தும் நடுவே உண்மை விழுந்துவிடுகிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாள்களைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ 400 மாணவர்களுள் பிராமணரல்லாதார் பத்துப் பேரே இருந்த கல்விக்கூடம் அது. தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பிறருடன் நெருங்காமல் ஒதுங்கியே இருந்ததை அவர் பதிவுசெய்கிறார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவரின் மாணவப் பருவம் அது. இன்று வகுப்பறையில் எண்ணிக்கை மாறியிருக்கிறது. ஊர்ப்பெயரை மென்று விழுங்கும் பழக்கம் முற்றாக மாறவில்லை.

மௌனம் உடையும்போதும் பாதுகாப்பு இல்லை என்பதை நாங்குநேரி காட்டியது. அவ்வூரைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த தலித் மாணவர் சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தார். பள்ளி விசாரித்தபின்னரே காரணம் வெளியே வந்தது, புகார் எழுதப்பட்டது. 2023 ஆகஸ்டில் அவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். மறு ஆண்டு அவர் 600க்கு 469 மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்குச் சென்றதை நாடே கொண்டாடியது. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை அடையாளப்படுத்தும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றுக்குத் தடை உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் உள்ளன. கல்வி நிலையங்களில் சாதி உணர்வைத் தடுப்பதற்கென எழுதப்பட்ட அவ்வறிக்கையை எத்தனை கல்லூரிகள் பெற்றோர் முன் வைத்திருக்கின்றன?

மும்பை ஐஐடியில் வேதிப்பொறியியல் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி, 2023 பிப்ரவரி 12 அன்று, பருவத் தேர்வு முடிந்த மறுநாள் உயிரிழந்தார். ஊருக்கு வந்தபோது, தம் சாதி தெரிந்தபின் நண்பர்களின் நடத்தை மாறியதாக அவர் சொல்லியிருந்தார் என்று குடும்பத்தினர் கூறினர். நிறுவனத்தின் விசாரணைக் குழுவோ நேரடிச் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இல்லை என்றது. படிப்பில் பின்தங்கியதைச் சுட்டியது. பிள்ளை வீட்டில் சொன்னது நிறுவனத்தின் பார்வையில் சான்றாக நிற்கவில்லை. பெற்றோரின் செவிக்கு எட்டும் உண்மையை நிறுவனத்தின் ஏட்டில் ஏற்றும் வழி எதுவும் இல்லை என்பதே இதில் நாம் காணும் அடிப்படைக் குறை. உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியரின் கையில் இருக்கும்வரை மாணவர் தாமாகப் புகார் எழுதமாட்டார். எழுதவேண்டியவர் வெளியில் இருப்பவர்.

இரு வகைப் பெற்றோர்

கல்லூரிக்குள் பெற்றோரின் குரல் ஒருபோதும் கேட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. எவருடைய பெற்றோர் என்பதுதான் கேள்வி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, இந்நகரின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதாலும் இசை வேளாளர் குலத்துத் தாயின் மகள் என்பதாலும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் பிற மாணவர்களின் பெற்றோரும் இருந்தனர். சமஸ்தான மன்னர் குறுக்கிட்டு அனுமதியும் உதவித்தொகையும் வழங்கியதால்தான் அவர் படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். ஆக, நம் மாவட்டத்தின் கல்லூரி வரலாற்றிலேயே பெற்றோரின் சொல்லுக்கு வலு இருந்தது. அது ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவதற்குப் பயன்பட்ட வலு.

அதற்கு நேர் எதிரான பெற்றோர் இருவர் நம் காலத்தில் எழுந்தனர். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்த ராதிகா வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தட்வியை இழந்த அபேதா தட்வியும், அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தை நாடினர். பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வகுத்த விதிமுறைகள் ஏட்டளவில் நிற்பதை அவர்கள் சுட்டினர். அம்மனுவின் விளைவாக, 2025 பிப்ரவரியில் வரைவும், 2026 ஜனவரி 13 அன்று புதிய சமத்துவ விதிமுறைகளும் வெளிவந்தன. பொதுப்பிரிவினர் தரப்பில் போராட்டங்கள் எழுந்தன. இரு வாரம் கழித்து, ஜனவரி 29 அன்று, உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்றது. இரு தாய்மார் ஆறரை ஆண்டுகள் காத்திருந்து பெற்றது பதினாறு நாள் நீடித்தது.

இதில் மனம் தளர்வதற்கு இடமில்லை. 2012 விதிமுறைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. சம வாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஆகிய இரண்டும் அவற்றின்படியே கட்டாயம். நம் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அவ்வலுவலர் யார் என்று கேட்கும் உரிமையை எந்தத் தடையாணையும் பறிக்கவில்லை.

சேர்ந்து எண்ணுவோம்

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறியாதவர் யார் என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளுமான பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அப்பெண்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கல்லூரி முதலாண்டில் இருக்கிறார்கள். எண்ணத் தெரிந்த மாவட்டம் இது. அதே கணக்கெடுப்பை ஒவ்வொரு மே மாதமும் தலித் குடியிருப்புகளில் இளைஞர்களும் மாணவர் அமைப்புகளும் நடத்தலாம். கேட்கவேண்டியவை நான்கே: சென்ற ஆண்டு சேர்ந்தவர் தொடர்கிறாரா? உதவித்தொகை எந்த நாளில் வந்தது? எவ்வளவு கடன் ஏறியது? சாதி சொல்லி எவரேனும் இழிவுபடுத்தினார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்க, ஏற்கனவே கல்லூரி முடித்த ஊர் அக்காளோ அண்ணனோ தனியே உட்காரவேண்டும். பெற்றோர் முன் வராத விடை அவர்கள் முன் வரும். சோர்ந்து தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டால், 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அன்றே அழைக்கலாம்.

நின்றுவிட்ட பிள்ளையின் பெயரை மறைக்கும் வழக்கம் பெற்றோரிடம் உண்டு. மகன் திருப்பூர் சென்றதை வேலை கிடைத்தது என்பார்கள். மகளுக்கு வரன் பார்ப்பதை நல்ல இடம் வந்தது என்பார்கள். அரியர் விழுந்ததைக் குடும்ப மானத்தின் இழப்பாகக் கருதுகிறார்கள். முதல் பருவத்தில் அரியர் விழுவது, மொழி மாறிய வகுப்பறையில் துணையின்றி விடப்பட்டதன் விளைவு. அது பிள்ளையின் தகுதிக்கான தீர்ப்பாகாது. அரியர் எழுதிப் பட்டம் பெற்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். இதை அவர்களே பெற்றோரிடம் சொல்லவேண்டும்.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டியவை தெளிவானவை. உதவித்தொகை வந்து சேரும்வரை பட்டியல் சாதி மாணவரிடம் கட்டணம் கேட்கக்கூடாது. தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் சேர்ந்தோர், இரண்டாம் ஆண்டுக்குச் சென்றோர் எண்ணிக்கையைச் சமூகப் பிரிவு வாரியாக வெளியிடவேண்டும். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே பாடமொழிப் பயிற்சி வேண்டும். விடுதி உணவுப்படி விலைவாசியோடு இணைக்கப்படவேண்டும். சம வாய்ப்பு மையங்களில் பெற்றோரின் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். இக்கோரிக்கைகளை ஆதிதிராவிடர் நலத்துறையிடமும், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடமும் ஊர்வாரியான கணக்குடன் கொடுக்கலாம்.

அடுத்த சேர்க்கைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் இம்முறை ஒரு கேள்வியையும் உடன் எடுத்துச் செல்லட்டும்: சென்ற ஆண்டு இங்கே சேர்ந்த எங்கள் பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? விடை சொல்லக் கல்லூரி திணறினால், நம் கையில் உள்ள கணக்கை மேசையின்மேல் வைப்போம்.